பதினேழாம் பக்கத்து வரி

பல்கலைக்கழகத்தைப் பற்றிய அறிமுகப் புத்தகம் முப்பத்திரண்டு பக்கம். அட்டையில் தலைமைக் கட்டடத்தின் படம். அந்தப் படத்தில் இருக்கும் மரம் புயலில் விழுந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அட்டையில் மட்டும் இன்னும் பச்சைப்பசேலென்று நிற்கிறது. பல்கலைக்கழகம் எப்போது தொடங்கியது, எத்தனை துறைகள், எத்தனை ஆய்வகங்கள், சுற்றியிருக்கும் நான்கு மாவட்டங்களுக்கு அதனால் என்ன பிரயோசனம் என்று முந்நூற்றுச் சொச்சம் வாக்கியங்கள். வருடம் தவறாமல் அச்சாகும். வருடம் தவறாமல் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒருத்தியைத் தவிர. பதிவாளர் அலுவலகத்தின் வெளியீட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருப்பவள் அவள். வளாகத்தில் எல்லோருக்கும் அவள் ‘கமா அக்கா’தான். துணைவேந்தர் எழுதிக் கொடுத்த முன்னுரையை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்கே போய், “சார், இந்தக் கமா இங்க நின்னா மாணவர்கள் பாவம் ஆயிடுறாங்க, ரெண்டு வார்த்தை தள்ளிப் போட்டுக்கலாமா?” என்று கேட்ட நாளில் ஒட்டிக்கொண்ட பெயர். எந்தத் தாளாக இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரைக்குக் கீழே அவளுடைய சுருக்கொப்பம் விழுந்தால்தான் அச்சகம் தாளையே தொடும்.

அந்த வருடம் புத்தகத்தைப் படிக்க ஆட்கள் வருவதாக இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வுக் குழு. ‘ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்’ என்ற தகுதி நீடிக்குமா நீடிக்காதா என்று முடிவு செய்வது அவர்கள்தான். போன முறையே முணுமுணுத்துக்கொண்டு போனவர்கள். தகுதி போனால் பாடம் நடத்துவதும் தேர்வு வைப்பதும் மட்டும் மிஞ்சும். கருவிகளையும் ஆட்களையும் தலைநகரத்துக்கு வாரிக்கொண்டு போய்விடுவார்கள்.

பதிவாளர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அஞ்சு வாரத்துல குழு வருது. மூணு வாரத்துல புஸ்தகம் அச்சுக்குப் போயாகணும். போன வருஷத்துதை எடுத்து வருஷத்தை மட்டும் மாத்திக் குடுத்துடுங்கம்மா. புதுசா எதையும் கிளற வேண்டாம்.”

“சரி சார்.”

சரி என்று மனதாரத்தான் சொன்னாள். கிளறும் எண்ணமெல்லாம் அவளுக்கு அப்போது இல்லை. தலைக்கு மேல் வேலை. தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் சாப்பாட்டு மேசையில் விரித்து, வருடம் வருகிற இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தாள்.

மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, இங்கே சேரலாமா தலைநகரத்துக்குப் போகலாமா என்று இரண்டு மாதமாகத் தராசு பிடித்துக்கொண்டிருந்தாள். தாள்களில் ஒன்றை இழுத்துப் படித்தாள்.

“அம்மா, பதினேழாம் பக்கத்துல ‘நிலநடுக்கப் பதிவு நிலையம் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது, மாணவர்களுக்கு நேரடிப் பயிற்சி அளிக்கப்படுகிறது’ன்னு போட்டிருக்கே, நிஜமா?”

“பின்ன? பொய்யாவா போடுவாங்க?”

“நீ பாத்திருக்கியா?”

“நான் எதுக்குடி அதைப் போய்ப் பாக்கணும்?”

“இல்ல, நீதானே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுற. அதான் கேட்டேன்.”

பெண் குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. அவள் இத்தனை வருடமாகச் சரிபார்த்தது எழுத்தை. எழுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு கை கழுவிவிட்டாள். அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கை துடைத்துக்கொண்டே வந்தவர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: “பிரேக் புடிக்குதான்னு மிதிச்சுப் பாக்காம ‘புடிக்கும்’னு நான் எழுதிக் குடுத்தா, பஸ் எங்க போய் நிக்கும்?”

மறுநாள் காலையில் நிலநடுக்கப் பதிவு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை முயன்றுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நிலவியல் துறைக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம், பாதி பூமிக்குள் புதைந்ததுபோல் ஒரு சிறிய கட்டடம். பாதை முழுக்கப் புதர். கதவில் கைப்பிடி அளவுப் பூட்டு. துரு ஏறி, சாவித் துவாரத்தில் குளவி மண் கூடு கட்டி, குஞ்சும் பொரித்துப் போய்விட்டிருந்தது. அவள் கதவைத் தட்டிப் பார்த்தாள். தட்டிய பிறகு, யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. இந்த வரியில் அவளுடைய கையெழுத்து எத்தனை வருடமாக இருக்கிறது?

இருக்கைக்குத் திரும்பியதும் புத்தகத்திலுள்ள வாக்கியங்களுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டாள். முந்நூற்றுப் பதினெட்டு. ஒரு நோட்டை எடுத்து, இடது பக்கம் வாக்கிய எண், வலது பக்கம் ‘நேரில் பார்த்தது’ என்று கோடு கிழித்தாள். அன்றிலிருந்து மதிய இடைவேளை அவளுக்கு இடைவேளையாக இல்லை. சேர்த்து வைத்திருந்த விடுப்பில் ஆறு நாளை எடுத்துக்கொண்டு, விடுப்பு நாளிலும் வளாகத்துக்கே வந்தாள். வாயிற்காவலர், “என்னக்கா, லீவு போட்டுட்டு ஆபீசுக்கு வர்ற ஒரே ஆள் நீங்கதான்” என்றார்.

போன இடமெல்லாம் ஒவ்வொரு கதை. வேதியியல் துறைத் தலைவர், “அந்தக் கருவிதானே? பேஷா இருக்கு” என்று அழைத்துப் போய்க் காட்டினார். இருந்தது. மேலே ஒரு போர்வை, போர்வை மேல் மூன்று வருடத்து விடைத்தாள் மூட்டைகள். “ஓடுதா சார்?” என்று கேட்டதற்கு, “இருக்குன்னுதானே புஸ்தகத்துல போட்டிருக்கு, ஓடுதுன்னு போடலையே?” என்று வக்கீல் மாதிரிப் பேசினார். இயற்பியலில் ஒரே அறையை, கதவு இரண்டு இருப்பதால், இரண்டு ஆய்வகம் என்று எண்ணி வைத்திருந்தார்கள். கணினித் துறையில் ஓர் ஆய்வகத்தைத் தேடி மூன்று மாடி ஏறினாள். நான்காவது மாடியே கட்டப்படவில்லை என்று மேலே போனபிறகுதான் தெரிந்தது. நூலகர் மட்டும் வருத்தப்பட்டார்: “ரெண்டு லட்சம் புஸ்தகம்னு எத்தனை வருஷமா போடுறீங்க? ரெண்டு லட்சத்துப் பதினோராயிரம் தாண்டிடுச்சு. அந்தப் பதினோராயிரம் என்ன பாவம் பண்ணுச்சு?”

சிலர் எரிந்து விழுந்தார்கள். ‘துப்பறியும் கமா’ என்று பெயர் நீண்டது. ஒரு பேராசிரியர், “பதிவாளர் அனுப்பினாரா?” என்று கேட்டார். “இல்ல சார், நானாத்தான் வந்தேன்” என்றாள். “அப்போ நீங்களாவே போகலாம்” என்று கதவைச் சாத்தினார். மறுநாள் அதே நேரத்துக்கு அதே கதவைத் தட்டினாள். அதற்கு மறுநாளும். நாலாவது நாள் அவரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

எட்டாவது நாள் ஒரு புதன்கிழமை. தாவரவியல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தவள், பின்பக்கம் ஒரு வரிசையைப் பார்த்து நின்றாள். ஐம்பது அறுபது பேர். கையில் கையில் பிளாஸ்டிக் பைகள். பைக்குள் இலை, வேர், புள்ளி விழுந்த காய். பின்பக்க ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. உள்ளே முழுக்கைச் சட்டை போட்ட ஒரு நடுத்தர வயது அம்மாள், தாவர நோய்களை ஆராய்கிறவர், ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிலவற்றை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு மருந்தே வேண்டாம், தண்ணியைக் குறைங்க. அடுத்து யாரு?”

வரிசை முடியும்வரை கமா அக்கா காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: “எத்தனை நாளா இது நடக்குது, மேடம்?”

“பதினாலு வருஷமா. புதன்கிழமை புதன்கிழமை. ஏன், ஜன்னலை மூடச் சொல்லப் போறீங்களா?”

“இல்ல மேடம். இது எங்க புஸ்தகத்துல இல்லையே?”

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “உங்க ஃபாரத்துல கட்டுரை எத்தனைன்னு ஒரு கட்டம், கருத்தரங்கு எத்தனைன்னு ஒரு கட்டம். இலைக்குக் கட்டம் எங்க இருக்கு? போன வருஷம் வடக்கு மாவட்டத்துல ஒரு புது பூஞ்சை வந்துது. நாட்டுலேயே முதல்ல பிடிச்சது இந்த ஜன்னல்லதான். ஒரு தோட்டத்துக்கு மேல பரவாம நிறுத்தினோம். கட்டுரை இன்னும் எழுதலை. நேரம் எங்க இருக்கு?”

சுவர் அலமாரியில் பதினான்கு தடித்த பேரேடுகள் நின்றன. எந்த ஊர், எந்தப் பயிர், என்ன நோய், என்ன தேதி. அன்று மாலை நோட்டில் முந்நூற்றுப் பத்தொன்பது என்று ஒரு புது எண் போட்டாள். இல்லாததை மட்டும் தேடிக்கொண்டு அலைந்தவளுக்கு, எழுதப்படாமல் இருப்பதையும் தேடவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு கேட்கும் கேள்வி மாறியது. “இது இருக்கா?” என்று முடிக்காமல், “இதைத் தவிர இங்க என்ன செய்றீங்க?” என்றும் கேட்டாள். முகங்கள் கொஞ்சம் மலர்ந்தன.

இரண்டு வாரம் முடிந்ததும் திருத்திய பிரதியைப் பதிவாளர் மேசையில் வைத்தாள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், ஆறாம் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“நாப்பத்தொண்ணு இருந்த இடத்துல இருபத்தொன்பதா? பன்னெண்டு லேபைத் தின்னுட்டீங்களாம்மா?”

“நான் தின்னலை சார். அஞ்சு பூட்டிக் கிடக்கு. இன்னொரு அஞ்சுல விடைத்தாள் மூட்டை. ஒண்ணு, கதவை எண்ணினதால வந்தது. ஒண்ணு கட்டவே இல்லை.”

“கதவைச் சாத்துங்க.”

சாத்தினாள். பதிவாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் இங்கேயே படிச்சு, இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவன். இந்த நாலு மாவட்டத்துல வேற எங்கம்மா ஒரு லேப் இருக்கு? இங்க வர்ற பிள்ளைங்க பாதிப் பேரு அவங்க வீட்டுல முதல் ஆளா காலேஜ் வாசல் மிதிக்கிறவங்க. உண்மையைச் சொல்லிட்டு நீங்களும் நானும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடலாம். அந்தப் பிள்ளைங்க எங்க போகும்?”

அவர் சொன்னது எல்லாமே சரி.

“அதுக்காகத்தான் சார் சொல்றேன். ஒரு வரி பொய்யின்னு அவங்க கண்டுபிடிச்சா, அந்த இலை ஜன்னலையும் நம்ப மாட்டாங்க. நாப்பத்தொண்ணுல பன்னெண்டு மட்டும் போகாது சார், நாப்பத்தொண்ணுமே போகும்.”

“கண்டுபிடிச்சாத்தானே?”

“என் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா சார். சாப்பாட்டு மேசையில, ரெண்டே நிமிஷத்துல.”

பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழைய பிரதியை அவள் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.”

“மாட்டேன் சார்.” தன் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. “இருபத்திரண்டு வருஷத்துல நீங்க சொல்லி நான் செய்யாதது எதுவும் இல்லை. இதை மட்டும் மாட்டேன். வேற யாரையாவது போடச் சொல்லுங்க. என்னை எந்தப் பிரிவுக்கு மாத்தினாலும் போறேன்.”

அன்று மதியம் பதிவாளர் இரண்டு பேரைக் கூப்பிட்டு அந்தப் பழைய பிரதியில் கையெழுத்துக் கேட்டதாக அலுவலகத்தில் பேச்சு. ஒருவர் கண் வலி என்றாராம். இன்னொருவர், “கமா அக்கா பாத்துட்டு வேணாம்னதுல நான் எப்படி சார் போடுறது?” என்று நழுவிவிட்டாராம்.

மூன்று நாள் இப்படியே இழுத்தது. நோட்டில் ஒரே ஒரு வரி மட்டும் நிரப்பாமல் கிடந்தது: பதினேழாம் பக்கத்து வரி. பூட்டைப் பார்த்தாளே தவிர உள்ளே பார்க்கவில்லை. ‘நேரில் பார்த்தது’ என்று தலைப்புப் போட்டுவிட்டுப் பூட்டைப் பார்த்து எழுதினால், தானும் பழைய தப்பைத்தானே செய்கிறோம் என்று பட்டது. ஓய்வுபெற்றவர்களின் பட்டியலைத் துழாவி, அந்த நிலையத்தில் கடைசியாக வேலை பார்த்த தொழில்நுட்ப உதவியாளரின் எண்ணைப் பிடித்தாள். அவர் ஆறு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்று வெளியூரில் மகன் வீட்டில் இருந்தார்.

“சாவியா?” என்றார் அவர். “நான் கிளம்பற அன்னைக்கே உங்க ஆபீஸ்லதாம்மா குடுத்தேன். கவர்ல போட்டு, ஒட்டி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் வந்தேன். என் இடத்துக்கு ஆள் போடுறோம், வந்ததும் குடுத்துடுறோம்னு சொன்னாங்க. ஆள் வந்தாரா?”

“வரலைங்க.”

“அப்போ அதை யாரு பாத்துக்குறா?”

போனை வைத்துவிட்டு வெளியீட்டுப் பிரிவின் அலமாரிகளைக் குடைந்தாள். இரும்பு அலமாரியின் அடித்தட்டில், ‘நிலுவை’ என்று எழுதிய பெட்டியில், உறை கிடைத்தது. அவள் நாற்காலியிலிருந்து நாலு அடி தூரம். ஆறு வருடமாக. உறையின் மேல், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் இருந்த சுருக்கொப்பத்தை இரண்டு முறை பார்த்தாள். அப்போது துணைப் பதிவாளராக இருந்தவருடையது. இப்போதைய பதிவாளருடையது.

உறையை அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“வாங்க, போய்த் திறப்போம். தூசி தட்டி விளக்கைப் போட்டா அந்த ஒரு வரியாவது நிக்கும்.”

வழியில் நிலவியல் துறையிலிருந்து இளம் உதவிப் பேராசிரியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டார்கள். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து நான்காவது வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். அந்த மேட்டுப் பக்கம் கட்டடம் இருப்பது தெரியும், தண்ணீர் மோட்டார் அறை என்று நினைத்திருந்தாராம். குளவிக் கூட்டைக் குச்சியால் குடைந்து, எண்ணெய் ஊற்றி, மூன்று பேரும் மாறி மாறித் திருகியதில் பூட்டு திறந்தது. படி நாலு கீழே இறங்கியது. உள்ளே இருட்டு, சில்லென்ற மண் வாசனை.

இருட்டுக்குள் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. உதவிப் பேராசிரியர்தான் அருகில் போய்க் குனிந்தார். தரையில் பதித்த கருவியிலிருந்து ஒரு கம்பி, கம்பி போய்ச் சேரும் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பெட்டியில் அந்த விளக்கு. அவர் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“ஓடுது,” என்றார். “மேடம், இது ஓடிக்கிட்டு இருக்கு! மின்சாரத்தை யாரும் நிறுத்தவே இல்லை. அணைஞ்சாலும் பேட்டரி தாங்கியிருக்கு. ஆறு வருஷமா ஒரு நாள் விடாம பதிஞ்சிருக்கு!”

கமா அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடித்துத் தூக்கி எறிய அவள் துடித்த வரி. இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. எழுத்துக்கு எழுத்து உண்மை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பொய் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்ததில் எதைக் காட்டுவது என்று முகத்துக்குத் தெரியவில்லை.

பதிவாளர் சுவரில் சாய்ந்து நின்றார். “இது வேலை பாத்துக்கிட்டே இருந்திருக்கு,” என்றார். “நாமதான்…”

மேலே வந்ததும் அவளிடம் கேட்டார்: “இப்போ இந்த வரியை எப்படி எழுதுவீங்க?”

நோட்டைத் தொடையில் வைத்து அங்கேயே எழுதிக் காட்டினாள்: ‘நிலநடுக்கப் பதிவுக் கருவி ஆறு ஆண்டுகளாக இடைவிடாமல் பதிவு செய்துவருகிறது. பதிவுகளைப் படிக்க ஆள் நியமிக்கப்படாததால் அவை இந்த வாரம்தான் திறக்கப்பட்டன. மாணவர் பயிற்சி தற்போது இல்லை.’

பதிவாளர் படித்தார். “என் கழுத்துக்கு நீங்களே அளவு எடுத்துக் குடுக்குறீங்க,” என்றார். ஆனால் பேனாவை வாங்கி, ‘தற்போது இல்லை’ என்பதற்குப் பிறகு ‘வரும் பருவத்தில் தொடங்கப்படும்’ என்று சேர்த்தார். பிறகு அவளைப் பார்த்து, “இது பொய் இல்லைம்மா. நான் தொடங்கி வைக்கிறேன்” என்றார். திருத்திய பிரதி அன்றே அச்சுக்குப் போனது. முப்பத்திரண்டு பக்கத்திலும் அவளுடைய சுருக்கொப்பம். அட்டையில் மரமில்லாத புதுப் படம்.

அடுத்த இரண்டு வாரம் உதவிப் பேராசிரியர் சாப்பாட்டை மறந்தார். குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு நீளமான தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியீட்டுப் பிரிவுக்கு ஓடிவந்தார்.

“மேடம், இங்க பாருங்க. தினமும் பதினொண்ணு நாப்பதுக்கு ஒரு சின்னத் துள்ளல். மறுபடி நாலு பத்துக்கு ஒண்ணு. லீவு நாள்ல கூட. பூமி கடிகாரம் பாத்து ஆடாது. இது வெடி. தூரம் கணக்குப் போட்டா மேற்கே ஒன்பது கிலோமீட்டர். அங்க ஒரு கல்குவாரிதான் இருக்கு.”

அந்தக் குவாரியை ஒட்டிய குடியிருப்புக்காரர்கள் சுவரெல்லாம் விரிசல் என்று வருடக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள்தான் வெடி வைக்கிறோம் என்று குவாரி சொல்லும். ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஆதாரம் ஆறு வருடமாகப் பூட்டின அறையில் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது.

குழு ஒரு புதன்கிழமை வந்தது. ஐந்து பேர். தலைவராக வந்த பொறியாளர் அம்மாள் குட்டையாக வெட்டிய நரைமுடியோடு, அதிகம் பேசாதவராக இருந்தார். அவர் கையிலிருந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. மண்டபத்தில் பூங்கொத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“போன தடவை நாப்பத்தொண்ணு. இப்போ இருபத்தொன்பது. பன்னெண்டு லேபை இழந்துட்டு ஆராய்ச்சித் தகுதி கேக்குறீங்களே, எப்படி?”

பதிவாளர் எழுந்தார். அவர் வேட்டு வைக்கப்போகிறாரா மழுப்பப்போகிறாரா என்று பின்வரிசையில் இருந்த கமா அக்காவுக்குத் தெரியவில்லை.

“இழக்கலை மேடம். போன தடவையும் இருபத்தொன்பதுதான் இருந்திருக்கும். நாங்க எண்ணிப் பாக்கலை. இந்தத் தடவை எண்ணிப் பாத்தோம். இதுல இருக்கிற எந்த வரியை வேணும்னாலும் சொல்லுங்க, இப்பவே கூட்டிட்டுப் போய்க் காட்டுறோம்.”

“யாரு எண்ணினது?”

பதிவாளர் திரும்பிப் பார்த்தார். கமா அக்கா எழுந்து நின்றாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நீங்க எந்தத் துறைப் பேராசிரியர்?”

“பேராசிரியர் இல்லைங்க. வெளியீட்டுப் பிரிவு உதவியாளர்.”

“நல்லது. அப்போ நீங்க கூட்டிட்டுப் போங்க.”

நாள் முழுவதும் நடந்தார்கள். தலைவர் பென்சில் கோடு போட்ட வரிகளை வாசிப்பார். அவள் நோட்டில் எண்ணைப் பார்த்து வழி காட்டுவாள். விடைத்தாள் மூட்டையையும் காட்டினாள். பூட்டிய ஐந்தையும் காட்டினாள். தாவரவியலின் பின்பக்கம் போனபோது வரிசை வளைந்து வாகன நிறுத்தம் வரை நின்றது. குழுவில் ஒருவர் முன்னால் போகப் பார்க்க, ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது: “வரிசையில வாங்க, எல்லாருக்கும் பாத்துத்தான் அனுப்புவேன்.” தலைவர் முதல் தடவையாகச் சிரித்தார். வரிசையில் நின்றவர்களிடம் ஒருமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பதினான்கு பேரேடுகளையும் இறக்கிப் பார்த்தார்.

மேட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. உதவிப் பேராசிரியர் திரையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாலு பத்துக்குக் கோடு ஒரு சின்னத் துள்ளல் துள்ளி அடங்கியது. தலைவர் தன் கடிகாரத்தைப் பார்த்து, புத்தகத்தின் பதினேழாம் பக்கத்து ஓரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

முடிவு வர மூன்று மாதம் ஆனது. கொண்டாட்டம் போடும்படியான முடிவு இல்லை. ஐந்து வருடத்துக்குப் பதிலாக மூன்று வருடம் நீட்டிப்பு. காலியிடங்களை ஒரு வருடத்துக்குள் நிரப்பவேண்டும். பூட்டிய ஆய்வகங்களைத் திறக்கவேண்டும், இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடவேண்டும். எச்சரிக்கைதான். ஆனால் அறிக்கையின் கடைசிப் பத்தியில், ‘இந்தப் பல்கலைக்கழகம் சொல்வதை நம்பலாம்’ என்று ஒரு வரி இருந்தது. பதிவாளர் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். உதவிப் பேராசிரியருக்கு நிலையத்தின் பொறுப்போடு நிரந்தரப் பணி வந்தது. குவாரி விஷயம் இழுபறியாகத்தான் போயிற்று. விசாரணையில் அந்தத் தாள்களை வைத்த பிறகு வெடி வாரம் இரண்டு நாளாகக் குறைந்தது, விரிசலுக்கான வழக்கு இன்னும் நடக்கிறது. பதினொன்று நாற்பதுக்குத் துள்ளல் வராத நாட்களில் உதவிப் பேராசிரியர் கமா அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார்.

மகள் இங்கேயும் சேரவில்லை, தலைநகரத்துக்கும் போகவில்லை. கடலோர நகரம் ஒன்றில் கடலியல் படிக்கப் போகிறேன் என்று நின்றாள்.

“இவ்வளவு பாடு பட்டிருக்கேன், இங்க சேர்ந்தா என்னடி?”

“அவங்க புஸ்தகத்துல ஆராய்ச்சிக் கப்பல் ரெண்டு இருக்குன்னு போட்டிருந்தாங்கம்மா. போன் பண்ணிக் கேட்டேன். ஒண்ணு ரிப்பேர்ல கிடக்கு, ஒண்ணுதான் ஓடுதுன்னு மறைக்காம சொன்னாங்க. அதான் சேர்றேன்.”

அவளுக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. கணவர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, “உன் பொண்ணுதான், சந்தேகமே இல்லை” என்றார்.

மகளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்த மறுநாள், துறைத் தலைவர்கள் கூட்டத்தில் பதிவாளர் ஒரு சுற்றறிக்கை வாசித்தார். இனி வருடா வருடம் அறிமுகப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் நேரில் பார்த்துச் சரிபார்க்கப்படும். பொறுப்பு வெளியீட்டுப் பிரிவு. எந்தக் கதவையும் தட்ட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் ‘இவை தவிர’ என்று தலைப்பிட்டு முழுப் பக்கம் ஒன்றை வெறுமையாக விட்டிருந்தார்கள். வேதியியல் தலைவர் பெருமூச்சு விட்டது மைக்கில் கேட்டது.

கூட்டம் முடிந்து இருக்கையில் உட்காரவில்லை, தொலைபேசி அடித்தது. இயற்பியல்.

“அக்கா, நடுவுல சுவர் வெச்சுட்டோம். உள்ளே கருவி எல்லாம் மாட்டி ஓட விட்டாச்சு. இப்போ நிஜமாவே ரெண்டு லேப். எப்ப வந்து பாக்குறீங்க?”

“இப்பவே வர்றேன்,” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.